தன்னையே சுமக்கும் தளம்

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும் நஞ்சன்கூட்டை ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்காகத் தமிழர்கள் அறிவார்கள். பழ ருசி தெரிந்தவர்கள் ரசபாளே வாழைக்காகவும் அறிவார்கள். கட்டுமானத்தைப் பற்றி யோசிக்கிறவருக்கு அது வேறொரு காரணத்தால் கவனிக்கத்தக்க ஊர். தொழிற்பேட்டைகளில் இன்று வழக்கமாகிவிட்ட இரும்புக் கூடங்களின் சட்டங்கள் எங்கும் ஒரே பருமனில் இருப்பதில்லை. தூணும் கூரைச்சட்டமும் சேரும் இடத்தில் அகன்றும், தூண் தரையைத் தொடும் இடத்தில் குறுகியும், கூரையின் நடுவழியில் மெலிந்தும் இருக்கும். வளைக்கும் விசை எங்கே அதிகமோ அங்கேதான் இரும்பு அதிகம். தொழிலில் ‘பி.இ.பி.’ என்று சொல்லப்படும் இந்தக் கூடங்களை மென்பொருள் கிலோ கணக்குப் பார்த்து வடிவமைக்கிறது. அதே ஊருக்குள் எழும் கான்கிரீட் வீடுகளைப் பாருங்கள். தளம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஐந்து அங்குலம். பீம் முழு நீளத்துக்கும் ஒரே ஆழம். அடுத்த மாடி எப்போதாவது எழும் என்ற நம்பிக்கையில் மொட்டைமாடிக்கு மேல் நீட்டிவிட்ட கம்பிகள். ஒரே ஊர், ஒரே காலம், ஒரே கணித அறிவு. ஓரிடத்தில் அது வேலை செய்கிறது, இன்னோரிடத்தில் எட்டிப்பார்க்கக்கூட இல்லை. பூமிக்குப் பாரம் குறைந்த கட்டடங்களைக் கணினியும் செயற்கை நுண்ணறிவும் வடிவமைத்துத் தருமா என்ற கேள்வியை இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவதே சரி. நமக்குக் குறைவாக இருப்பது கணக்குப் போடும் திறன் இல்லை என்பதும், மிச்சமாகும் பொருளின் லாபம் யாருக்குப் போகிறது, இயந்திரத்திடம் என்ன கேட்கிறோம் என்ற இரண்டும்தான் விளைவைத் தீர்மானிக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குறைந்த பொருளில் அதே பாரத்தைத் தாங்கும் வடிவத்தைத் தேடுவதை உகப்பாக்கம் என்கிறார்கள். இது கணினிக்கு முந்தைய ஆசை. மெல்போர்னைச் சேர்ந்த பொறியாளர் மிட்செல் 1904இல், ஒரு சட்டகத்தில் பொருளை எந்த எல்லைவரை குறைக்கலாம் என்பதைக் காகிதத்திலேயே நிறுவினார். அவர் கண்ட வடிவங்கள் அழகானவை, கட்ட முடியாதவை. 1960இல் லூசியன் ஷ்மிட் அமைப்பியல் கணக்கையும் கணித நிரலாக்கத்தையும் கணினியில் இணைத்தார். 1988இல் பென்சோவும் கிகுச்சியும் முன்வைத்த முறையில், ஒரு கட்டிப் பொருளை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, பாரம் சுமக்காத கட்டங்களைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே போகலாம்; மிஞ்சுவது எலும்பையும் மரக்கிளையையும் போன்ற வடிவம். செயற்கை நுண்ணறிவு இதன்மேல் சேர்ந்த புது அடுக்கு. ஒரு வடிவம் எப்படி நடந்துகொள்ளும் என்று முறையாகக் கணக்கிட மணிக்கணக்காகும் இடத்தில், பழைய கணக்குகளைக் கொடுத்துப் பழக்கிய கணினி மாதிரி நொடியில் ஏறக்குறையச் சொல்லிவிடும். ஆயிரம் வடிவங்களை அலசி நல்ல பத்தை எடுத்துத் தர அது போதும். அந்தப் பத்தையும் பழைய முறையில் சரிபார்த்தாக வேண்டும் என்பதைச் சில விற்பனையாளர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மிச்சப்படுத்த அப்படி என்ன இருக்கிறது? ஆயிரம் சதுர அடி வீட்டின் ஒரு தளத்தைக் கணக்கிடுவோம். ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் ஏறத்தாழ 11.8 கன மீட்டர் கான்கிரீட். எடை 29 டன்னுக்கு மேல். ஆட்கள், கட்டில், பீரோ என்று அந்தத் தளத்தின்மேல் வரக்கூடிய பாரத்துக்காக இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 வீடுகளுக்குக் குறிப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தளம் முழுவதற்கும் 19 டன். அதாவது தளம் நம்மைச் சுமப்பதைவிடத் தன்னையே அதிகம் சுமக்கிறது. ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற வழக்கமான கலவையில் இதற்குத் தொண்ணூற்றுச் சொச்சம் மூட்டை சிமெண்ட் போகும். தளம் வளையும்போது மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. இழுபடும் கான்கிரீட் விரிசல் விட்டுவிடும் என்பதால், ஐ.எஸ். 456 விதிப்படி கணக்குப் போடும் பொறியாளர் அந்தப் பகுதிக்கு எந்தப் பலமும் கொடுப்பதில்லை. இழுவை முழுவதையும் கம்பிதான் வாங்குகிறது. கம்பியைப் பிடித்துக்கொள்ளவும் துருவிலிருந்து காக்கவும் கொஞ்சம் கான்கிரீட் வேண்டும், மீதி சும்மா தொங்கும் எடை. அந்த எடையைத் தாங்கப் பீம் பெரிதாகிறது, பீமைத் தாங்கத் தூண் தடிக்கிறது, தூணுக்காக அஸ்திவாரம் அகல்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமெண்டின் பங்கு ஏழெட்டு விழுக்காடு; உலகில் சீனாவுக்கு அடுத்து அதிகம் சிமெண்ட் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. எனவே தளத்தின் அடிவயிற்றில் இருக்கும் இந்த உபரி சின்ன விஷயம் இல்லை.

உபரி நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மொய்னிஹனும் ஆல்வுட்டும் 2014இல் பிரிட்டனின் 23 இரும்புச் சட்டகக் கட்டடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பீம்களை ஆராய்ந்தார்கள். அவற்றின் தாங்கும் திறனில் சராசரியாகப் பாதிகூடப் பயன்படவில்லை. அந்தப் பொறியாளர்களிடம் உலகின் சிறந்த மென்பொருள்கள் இருந்தன. இருந்தும் நடந்தது என்ன? ஒவ்வொரு பீமையும் தனித்தனியாகக் கணக்கிட்டு வரைந்தால் பொறியாளரின் நேரம் செலவாகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவைக் கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடிகிறது. கூடுதல் இரும்பின் விலை அவர் பையிலிருந்து போகவில்லை. நஞ்சன்கூடு போன்ற ஊரின் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் நேரடியானது. மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார். கம்பியும் சிமெண்டும் வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார். கம்பியைக் குறைத்தால் மேஸ்திரிக்கு ஒரு பைசா லாபமில்லை, நாளை விரிசல் விட்டால் கெட்ட பெயர் மட்டும் அவருக்கு. அவர் இரண்டு கம்பி கூடப் போடுவது அறியாமையால் இல்லை, நியாயமான தற்காப்பு. ஆலைக் கூடத்தில் நிலைமை தலைகீழ். கூடத்துக்கு மொத்தமாக ஒரு விலை பேசிவிட்ட நிறுவனமே அதை வடிவமைத்து, வெட்டி, பற்றவைத்து நிறுத்தித் தருகிறது. மிச்சமாகும் ஒவ்வொரு கிலோ இரும்பும் அதன் லாபம். அதனால்தான் அங்கே உகப்பாக்கம் மேடைப் பேச்சில்லாமல் ஓசையின்றி நுழைந்துவிட்டது. சுற்றுச்சூழல் அக்கறை அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது, இயந்திரத்திடம் என்ன கேட்கிறோம் என்பது. ஒரு கான்கிரீட் சட்டகத்தைக் கொடுத்து இதன் எடையைக் குறை என்றால் அது குறைத்துத் தரும். கான்கிரீட் சட்டகமே தேவையா என்று அதுவாகக் கேட்காது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ கிராமத் தொழில்நுட்பப் பிரிவின் வழியில் வந்த வெங்கடராம ரெட்டியும் ஜெகதீஷும் 2003இல் வெளியிட்ட கணக்கு இந்த இடத்தில் மிகவும் பயன்படும். பல மாடிக் கான்கிரீட் சட்டகக் கட்டடத்தின் பொருள்களைத் தயாரிக்க ஒரு சதுர மீட்டருக்கு 4.21 கிகா ஜூல் ஆற்றல் செலவாகிறது. சுவரே பாரம் தாங்கும் இரண்டு மாடிச் செங்கல் வீட்டில் அது 2.92. நிலைப்படுத்திய மண் கல்லில் சுவர் எழுப்பி, தளத்தின் இழுவைப் பகுதியில் கான்கிரீட்டுக்குப் பதில் வேறு பொருளை நிரப்பினால் (இதுவே நிரப்புத் தளம்) 1.61. முதலாவதைவிட மூன்றாவது 62 விழுக்காடு குறைவு. எந்த மென்பொருளும் இல்லாமல், கட்டும் முறையைத் தேர்ந்தெடுத்ததாலேயே கிடைத்த குறைவு. நகரத்துப் பல மாடியையும் ஊர்ப்புறத்து இரண்டு மாடியையும் அப்படியே ஒப்பிடலாமா என்று கேட்கலாம். பத்து மாடிக்கு இது பொருந்தாதுதான். ஆனால் நஞ்சன்கூட்டில் பெரும்பாலும் கட்டப்படுவது பத்து மாடி இல்லை. தரைத்தளமும் ஒன்றிரண்டு மாடியுமாக எழும் வீட்டுக்குத் தூணும் பீமும் வைத்துக் கட்டிவிட்டு, இடையில் எதையும் தாங்காத செங்கல்லை அடைப்பது பெரும்பாலும் மோகத்தின் விலை. கேள்வியை இந்த அளவுக்கு விரித்துக் கேட்டால் கணினி பெரிய உதவி செய்யும். சுருக்கிக் கேட்டால் தவறான கட்டடத்தைச் சிக்கனமாகக் கட்டித் தரும்.

வடிவத்தால் தளத்தை மெலிய வைக்கும் அறிவும் நமக்குப் புதிதில்லை. இன்று சென்னைத் தரமணியில் இருக்கும் அமைப்பியல் ஆய்வு மையமான எஸ்.இ.ஆர்.சி.யின் முதல் இயக்குநர் ஜி.எஸ். ராமசாமி, தொங்கல் வடிவ ஓடுகளை இந்தியாவில் உருவாக்கியவர். ஒரு சட்டத்தில் துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதில் கான்கிரீட் ஊற்றினால் துணி தன் எடைக்கேற்ற வளைவில் தொய்யும். கெட்டியானபின் கவிழ்த்துவிட்டால் தொங்கும்போது இழுபட்டதெல்லாம் இப்போது அமுங்கும். கான்கிரீட்டுக்குப் பிடித்த வேலை அமுங்குவது. எனவே கனம் மிகக் குறைவாக இருந்தால் போதும், கம்பி ஓரங்களுக்கு மட்டும் போதும். உகந்த வடிவத்தை இங்கே கண்டுபிடித்துத் தருவது புவியீர்ப்பு, கணினி இல்லை. சூரிச் ஈ.டி.எச். தொழில்நுட்பக் கழகத்தில் பிலிப் பிளாக்கின் குழு இதே கொள்கையைக் கணினியில் வளர்த்தெடுத்து, 2021இல் திறந்த ‘ஹைலோ’ கட்டடத்தில் விலா எலும்பு போன்ற வளைவுத் தளங்களைப் போட்டது. வழக்கமான தட்டைத் தளத்தோடு ஒப்பிட்டால் கான்கிரீட்டில் 70 விழுக்காடு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. எம்.ஐ.டி.யில் கெய்ட்லின் முல்லரும் முகமது இஸ்மாயிலும் இந்தியா போன்ற நாடுகளின் மலிவு வீடுகளை மனத்தில் வைத்தே பீமின் வடிவத்தை உகப்பாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். ராமசாமியின் ஓடு ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை? அடியில் குழிகுழியாகத் தெரியும் கூரையை விரும்பாத கண், மின்குழாய் பதிக்கும் சிரமம், மேலே சமப்படுத்தும் வேலை, வார்த்துத் தரும் கடை பக்கத்தில் இல்லாதது எல்லாம் சேர்ந்திருக்கும். இதில் ஒன்றுகூடக் கணக்குச் சிக்கல் இல்லை. அன்று இல்லாத கணினி இன்று வந்துவிட்டது என்பதால் இந்தத் தடைகள் தாமாக விலகிவிடப் போவதுமில்லை.

அப்படியானால் கணினியிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம்? துருக்கியின் ஒஸ்மான் காசி தொங்குபாலம் 2016இல் திறக்கப்பட்டது. அதன் தளச்சட்டத்தை எடுத்துக்கொண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் 2020இல் மீக்கணினியில் உகப்பாக்கிப் பார்த்தார்கள். வந்த வடிவத்தை எந்தப் பட்டறையாலும் வெட்டி ஒட்ட முடியாது. அவர்கள் அத்துடன் விட்டுவிடாமல், இந்தச் சிக்கலான வடிவம் நமக்குச் சொல்ல வருவது என்ன என்று கேட்டார்கள். தளத்துக்குள் நேராக நிற்கும் குறுக்குத் தகடுகளை வளைத்து வைத்தால் போதும் என்பதே அதன் சாரம். பட்டறையில் செய்யக்கூடிய அந்த எளிய மாற்றத்திலேயே தளத்தின் எடை 28 விழுக்காடு குறையும் என்று கணக்கிட்டார்கள். இந்தத் துறையின் எல்லாச் சாதனைகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இயந்திரம் தந்ததை அப்படியே கட்டுவதைவிட, அது கண்டதை மனிதக் கைக்குள் அடங்கும் விதியாகச் சுருக்குவது பெரிய வேலை. பெங்களூர் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் 2023இல் 1,021 சதுர அடி அஞ்சலகத்தை இயந்திரத்தால் அச்சிட்டு எழுப்பியதைப் பெரும் செய்தியாக்கினோம். சோதனை என்ற அளவில் அது வேண்டியதே. ஆனால் அச்சிடும் கலவையில் சிமெண்ட் பொதுவாகக் கூடுதல், அச்சானது பெரும்பாலும் சுவர். நம் உபரி குவிந்து கிடப்பது தளத்தில்.

எதிர்வாதங்களில் பலமானதை நஞ்சன்கூடே வைத்திருக்கிறது. கபிலா (கபினி) ஆற்றின் குறுக்கே 1735இல் தளவாய் தேவராஜர் காலத்தில் கட்டிய கல்பாலம் இன்றும் நிற்கிறது. மாட்டுவண்டிக்கும் கால்நடைக்கும் கட்டிய அதன்மேல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தண்டவாளம் போட்டு ரயிலையே ஓட்டினார்கள். அகலப் பாதை வரும்வரை ஓடியது. இன்றைய மென்பொருளிடம் அன்று வண்டிப் பாரத்தை மட்டும் கொடுத்துப் பாலம் கேட்டிருந்தால் அது தூண்களைப் பாதியாக மெலியவைத்திருக்கும், ரயில் ஓடியிருக்காது. மிச்சம் பிடிக்காததால்தானே அது நூற்றாண்டுகளைக் கடந்தது? இடித்துக் கட்டாமல் நீண்ட காலம் நிற்பதைவிடப் பெரிய சிக்கனம் ஏது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கல்லில் உபரி செய்யும் வேலையைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் உபரி செய்வதில்லை. கல் பெரும்பாலும் அமுங்கும் நிலையில் நிற்கிறது. துருப்பிடிக்க அதில் எதுவுமில்லை. கூடுதல் எடையே அதை வெள்ளத்தில் அசையாமல் வைக்கிறது. கான்கிரீட் தளத்தின் ஆயுளை முடிப்பது துரு. கம்பிக்கு அடியில் இருக்க வேண்டிய கான்கிரீட் உறை (கவர்) குறைந்தால், தண்ணீர் அதிகம் ஊற்றிக் கலந்தால், ஒழுங்காக நனைக்காவிட்டால், ஐந்து அங்குலத் தளமும் முப்பது ஆண்டில் பெயர்ந்து விழும். ஆறு அங்குலமாக்கினாலும் விழும். பழைய பாலத்தைக் காட்டி இன்றைய தளத்தின் தடிமனை நியாயப்படுத்த முடியாது. பாலம் கற்றுத்தருவது, எதிர்காலத்தில் பயன் மாறும் என்பதையும் கேள்வியில் சேர்க்க வேண்டும் என்பதை. மேலே மாடி வரக்கூடும் என்றால் அஸ்திவாரத்திலும் தூணிலும் அந்தத் திறனைக் கணக்கிட்டே வைக்கலாம்; மழையில் நனைந்து துருவேறும் மொட்டைக் கம்பிகள் அதைவிட மோசமான ஏற்பாடு. கபினி அணை திறக்கும் ஆண்டுகளில் நஞ்சன்கூட்டின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் ஏறுகிறது. கூரைப் பாரத்துக்கு மட்டும் உகப்பாக்கிய வீடு அங்கே மோசமான வீடு. ஒரே ஒரு பாரத்துக்குக் கச்சிதமாகச் செதுக்கிய வடிவம் எதிர்பாராத பாரத்தில் முறியும் என்பது துறைக்குள்ளேயே நன்றாகத் தெரிந்த உண்மை. பல பாரங்களையும் ஒன்றாகக் கொடுத்தே கேட்க வேண்டும். மிச்சம் அதற்கேற்பக் குறையும். குறையட்டும்.

செயற்கை நுண்ணறிவின் மீதான ஐயங்கள் வேறு வகை. அது தின்னும் மின்சாரத்தைச் சிலர் சுட்டுகிறார்கள். ஒரு வீட்டின் வடிவமைப்புக்குச் செலவாகும் கணினி மின்சாரம், தொண்ணூறு மூட்டை சிமெண்டின் முன்னால் ஒன்றுமில்லை. மொத்தமாக வளர்ந்துவரும் தரவு மையங்களைப் பற்றிய கவலை நியாயமானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மெட்டா நிறுவனம் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கரியமில வாயு வெளியேற்றம் 40 விழுக்காடு குறைந்த கான்கிரீட் கலவையைச் செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடித்து, அதைத் தன் தரவு மையம் கட்டவே பயன்படுத்தியது. எதற்காக மிச்சம் பிடிக்கிறோம் என்ற கேள்வியை அந்தக் கட்டடம் எழுப்பாமல் இல்லை. என் கவலை இன்னொன்று. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தினர் 2021இல், பொறியாளர்கள் ஏற்கெனவே வரைந்த உயர்மாடிக் கட்டட வரைபடங்களைக் கொடுத்துப் பழக்கி, புதுக் கட்டடத்துக்குச் சுவர் அமைப்பைத் தானே வரையும் மாதிரியை உருவாக்கினார்கள். திறமையான வேலை. ஆனால் இருப்பதைப் பார்த்துக் கற்கும் இயந்திரம் இருக்கும் பழக்கத்தையும் சேர்த்தே கற்கும். பாதித் திறனில் நிற்கும் பீம்களின் வரைபடங்களைக் கொடுத்துப் பழக்கினால், அவ்வளவு தடித்த பீமே சரி என்று அது நம்பிக்கையோடு வரைந்து தரும். நம் ஊர் வரைபடங்களில் பழக்கினால் மேஸ்திரியின் தற்காப்பு மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இயற்பியலைக் கணக்கிட்டுத் தேடும் உகப்பாக்கமும், பழையதைப் பார்த்து ஊகிக்கும் நுண்ணறிவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். இடிந்தால் பொறுப்பேற்கும் கையெழுத்து இரண்டுக்கும் இல்லை, அது பொறியாளருடையது. ஆகவே அவர் கையால் சரிபார்க்க முடியாத எதையும் நஞ்சன்கூட்டில் கட்டக்கூடாது என்பது என் முடிவு.

வடிவம் சிக்கலானால் சென்ட்ரிங் செலவும் கூலியும் கூடி மிச்சத்தை விழுங்கிவிடாதா என்பார்கள். வீட்டுக்கு வீடு புது வடிவம் என்றால் விழுங்கிவிடும். ஒரே அச்சில் ஆயிரம் துண்டு வார்த்தால் விழுங்காது. நம் நாட்டில் வீட்டுச் செலவில் கூலியைவிடப் பொருளின் பங்கே பெரிது. ஐரோப்பாவில் கட்டுப்படியாகாத மெலிந்த தளம் இங்கே கட்டுப்படியாகக்கூடும்.

இதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1980இல் ‘எஸ்.பி. 16’ என்ற அட்டவணைப் புத்தகத்தை வெளியிட்டது. பீமின் அளவையும் பாரத்தையும் கொடுத்தால் எவ்வளவு கம்பி வேண்டும் என்பதைப் புரட்டிப் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம். கணினி இல்லாத அலுவலகங்களை அது பல ஆண்டுகள் நடத்தியது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு அடி அறைகளுக்கு நிரப்புத் தளம், வளைவு ஓடு, வடிவமைந்த பீம் ஆகியவற்றின் அளவுகளை, பலவிதப் பாரங்களையும் துருவுக்கான கவரையும் சேர்த்துக் கணினியில் உகப்பாக்கி, அதே போன்ற ஒரு புத்தகமாக எஸ்.இ.ஆர்.சி.யும் இந்திய அறிவியல் கழகமும் தர வேண்டும்; அச்சுகளை வாடகைக்குத் தரும் கடைகளுக்கு மாநில அரசுகள் கடன் தர வேண்டும். வரைபட அனுமதிப் படிவத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை கிலோ கம்பி என்று இரண்டு எண்களை நகரசபைகள் கேட்க வேண்டும். படிவம் மாறக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்து வீடு கட்டப்போகிறவர் நீங்களாக இருந்தால், மேஸ்திரியிடம் பேசுவதற்கு முன்பே உங்கள் பொறியாளரிடம் அந்த இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். தளத்தை வேறு முறையில் போட்டால் அவை எவ்வளவாகும் என்றும் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.